விற்கப்படாத வீடு: பினாங்கு நீல மாளிகை உணர்த்தும் மரபுப் பாதுகாப்பு நெறி

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரின் லீத் தெருவில் அமைந்துள்ளது சியோங் ஃபாட் ட்சே மாளிகை. சுவர்களின் நிறத்தால் அதனை 'நீல மாளிகை' என்றும் மக்கள் வழங்குவர்.

சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் 1840 ஆம் ஆண்டு பிறந்த சியோங், இளமையிலேயே படாவியாவுக்குப் புலம்பெயர்ந்தார். சுமத்திராவிலும் பினாங்கிலும் வணிகம் பெருக்கிப் பெருஞ்செல்வரானார். பினாங்கில் சீன அரசின் துணைத் தூதராகவும் பணியாற்றினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுப்பிய இம்மாளிகை 38 அறைகளும் 5 முற்றங்களும் 7 படிக்கட்டுகளும் 220 சன்னல்களும் கொண்டது. சீன மரபின் முற்றத்தோடு ஸ்காட்லாந்து வார்ப்பிரும்புத் தூண்களும் ஐரோப்பிய வண்ணக் கண்ணாடிகளும் இங்கு இணைந்துள்ளன.

தம் இல்லம் குடும்பத்தை விட்டு நீங்கலாகாது எனக் கருதிய சியோங், கடைசி மகன் மறையும் வரை அதனை விற்கலாகாது என்று உயில் எழுதினார். அவர் 1916 இல் காலமானார். கடைசி மகன் 1989 இல் மறைந்தார். இடைப்பட்ட எழுபதாண்டுகளுக்கு மேலான காலத்தில் உயில் வீட்டைக் காத்தது. ஆனால் அதன் கூரையையும் சுவரையும் காக்கவில்லை. பல குடும்பங்கள் வாடகைக்குக் குடியிருக்க, மாளிகை சிதைந்தது.

பின்னர், கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் அவர்தம் கூட்டாளிகளும் மாளிகையை வாங்கிப் புதுப்பித்தனர். நீலம் கலந்த சுண்ணாம்பே மீண்டும் சுவர்களில் பூசப்பட்டது. ஈரம் மிகுந்த இத்தட்பவெப்பத்தில் சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியேறவிடும். புதுக்காலச் சாயமோ அதனை உள்ளேயே அடைத்து வைக்கும். வண்ணக் கிண்ணங்களை நறுக்கி ஒட்டும் கூரை அலங்காரத்திற்குச் சீனத்திலிருந்து கைவினைஞர் வரவழைக்கப்பட்டனர். இப்பணிக்கு 2000 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளுள் முதன்மை விருது கிட்டியது. இன்று மாளிகை விடுதியாகவும் பார்வையிடத்தக்க நினைவில்லமாகவும் இயங்குகிறது. அதன் வருவாயே பராமரிப்புக்குத் துணைநிற்கிறது.

சீனரும் தமிழரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த நகரம் ஜார்ஜ் டவுன். புலம்பெயர் தமிழ்க் குடும்பங்களின் பழைய இல்லங்களைப் பேண விழைவோர்க்கு இம்மாளிகை உணர்த்தும் நெறி தெளிவானது. விற்பனையைத் தடுப்பது மரபுப் பாதுகாப்பின் தொடக்கமே. பழுது பார்க்கும் பொருளும், பழந்தொழில் அறிந்த கைகளும், அன்றாடப் பயன்பாடும் ஒருங்கே வாய்த்தால்தான் ஒரு குடும்பத்தின் வீடு ஊரின் நினைவாக நிலைக்கும்.