அலறும் வண்டிக்குள்ளே ஒரு மாணவி

தெருவில் அந்தச் சத்தம் கேட்டவுடன் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அடுப்பில் இருக்கும் பாலைக்கூட மறந்துவிட்டு ஜன்னலண்டை ஓடி வருகிறீர்கள். "யார் பெற்ற பிள்ளையோ, பாவம்!" என்று சொல்லி, இஷ்ட தெய்வத்தை ஒரு தரம் நினைத்துக் கொள்கிறீர்கள். வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் பாலின் ஞாபகம் வருகிறது. அந்த வண்டிக்குள்ளே என்ன நடக்கிறது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

நானும் யோசித்ததில்லை, அந்தப் பெண்ணைச் சந்திக்கும் வரையில். வயது இருபத்திரண்டு இருக்கும். நர்சிங் படித்தவள். '108' ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகப் பயிற்சி பெற்று வருகிறாள். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டாள். "அம்மா படித்தால் பயந்து போவாள், ஸார்!"

பொம்மையும் மனிதரும்

2005-ஆம் வருஷம் ஹைதராபாத்தில் பிறந்த இந்தச் சேவை, 2008-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. வண்டிக்கு இரண்டே பேர்: ஓட்டுகிறவர் ஒருவர், அவரைப் 'பைலட்' என்கிறார்கள், நோயாளியின் அருகே மருத்துவ உதவியாளர் ஒருவர். பயிற்சிக் காலத்தில் மூன்றாவது ஆளாக மாணவியும் ஏறிக்கொள்கிறாள். முதலில் வகுப்பறை, பிறகு ஆஸ்பத்திரி, கடைசியில்தான் வண்டி.

"வகுப்பிலே ஒரு ரப்பர் பொம்மை இருக்கும். மார்பின் நடுவே இரண்டு கைகளையும் வைத்து அழுத்த வேண்டும். நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை. இரண்டு அங்குல ஆழம். முப்பது தடவைக்குப் பிறகு இரண்டு மூச்சு. எனக்கு அதிலே நல்ல மார்க்! ஆனால் பொம்மைக்குப் பக்கத்தில் நின்று அழுவதற்கு யாரும் இல்லையே, ஸார்!"

வண்டியில் ஏறிய மூன்றாம் நாள் விடியற்காலையில் அழைப்பு வந்தது. மாடி வீடு. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் தரையில் கிடந்தார். மனைவி விசிறிக் கொண்டிருந்தாள். மகன் முகத்தில் தண்ணீர் தெளித்துக் கொண்டிருந்தான். இரவு இரண்டு மணியிலிருந்தே மார்பில் பாரமாம். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து மணிக்குச் சுருண்டு விழுந்த பிறகுதான் டெலிபோன் செய்தார்கள்.

பெண்ணுக்குக் கை கால் ஓடவில்லை. "அழுத்தம்மா!" என்று மூத்த உதவியாளர் அதட்டிய பிறகுதான் மண்டியிட்டாள். மாடிப்படி வரையில், வண்டிக்குள்ளே, ஆஸ்பத்திரி வாசல் வரையில் இருவரும் மாறி மாறி அழுத்தினார்கள். டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்.

குழாயடியில் கையைக் கழுவும்போது அவளுக்கு அழுகை பொங்கியது. "அண்ணா, நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. துண்டை எடுத்து நீட்டினார். "நாம் போய்ச் சேர்ந்தது பன்னிரண்டாவது நிமிஷம். நீ செய்ததிலே குறையில்லை. அதற்கு முன்னே போன நிமிஷங்கள் நம் கையில் இல்லையம்மா."

இதயம் நின்றபின் நாலைந்து நிமிஷங்களிலேயே மூளை சேதப்படத் தொடங்கிவிடும். எந்தப் பைலட்டால் அதற்குள் வர முடியும்?

ரயில்வே கேட்டில் ஒரு ஜனனம்

எல்லா நாளும் அப்படி இல்லை. ஒரு ராத்திரி பிரசவ வேதனையில் இருந்த பெண்ணை ஏற்றிக்கொண்டு வரும்போது ரயில்வே கேட் மூடிக்கொண்டது. ரயில் வரும் வரையில் காத்திருக்கக் குழந்தை தயாராக இல்லை! பைலட் வண்டியை ஓரம் கட்டினார். மூத்தவர் அருகில் இருந்து சொல்லச் சொல்ல, இவளே குழந்தையை ஏந்தினாள்.

குழந்தை அழவில்லை. உலர்ந்த துணியால் துடைத்தாள். முதுகைத் தேய்த்துவிட்டாள். ஒரு கணம், இரண்டு கணம்... பிறகு 'வீல்' என்று ஒரு சத்தம்! தாயின் மார்பில் போட்டுத் துணியால் போர்த்திய போதுதான் தன் கைகள் நடுங்குவதை உணர்ந்தாளாம்.

கூட வந்த பாட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, கண்ணு?"

"இல்லை, பாட்டி."

"அப்போ இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?"

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்

"பத்திரிகையில் எழுதினால் வீட்டிலுள்ளவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றாள் அந்தப் பெண். சொல்லிவிடுகிறேன்.

மார்பில் பாரம், வியர்வை, இடது கைக்குப் பரவும் வலி — இவற்றை வாயு என்று முடிவு கட்டாதீர்கள். பெண்களுக்குச் சில சமயம் மூச்சுத் திணறலும் அசதியும் குமட்டலும் மட்டுமே வரும். வாய் ஒரு பக்கம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். அதற்கான ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாதீர்கள். மூச்சு இல்லையென்றால், வண்டி வரும் வரையில் மார்பை அழுத்துங்கள். உங்கள் கையால் முடியும்.

சாலையில் அடிபட்டவருக்கு உதவினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய நேருமே என்ற பயமும் வேண்டாம். 2019-ஆம் வருஷத்து மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் உதவி செய்கிறவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பெயரைச் சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

இன்னொன்று. இருட்டில் வீட்டு எண்ணைத் தேடியே வண்டிக்காரர்களுக்குப் பல நிமிஷங்கள் போகின்றனவாம். ஆகவே, அடுத்த தடவை உங்கள் தெருவில் அந்தச் சத்தம் கேட்டால், ஜன்னலோடு நின்றுவிடாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வாருங்கள். "இந்தப் பக்கம், அந்த மூன்றாவது வீடு!" என்று கையைக் காட்டுங்கள்.

உள்ளே ஒரு பெண் அந்த நிமிஷத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.