'கூட்டுறவு' என்னும் பதமும் அதன் பொருளும்

நமது சங்கங்களின் பெயர்ப் பலகையிலும் ரசீதுப் புத்தகத்திலும் நாம் அடிக்கடி காணும் பதம் 'கூட்டுறவு' என்பதாகும். அங்கத்தினரின் உரிமையும் கடமையும் இந்த ஒரு பதத்திலேயே அடங்கியிருக்கின்றமையால், அதனைப் பிரித்து நோக்குதல் நலம்.

கூட்டு, உறவு என்னும் இரு சொற்கள் சேர்ந்து இப்பதம் ஆயிற்று. 'கூடு' என்னும் வினையின் வழி வந்தது 'கூட்டு'. கூட்டம், கூட்டல், கூட்டாளி என்பனவும் இவ்வினத்தனவே. காயையும் பருப்பையும் ஒன்றாய் வேகவைத்தால் அது கூட்டு. ஒரு நிலம் பலர் பெயரில் இருப்பின் அது கூட்டுப் பட்டா. ஆனால் கூட்டுப் பட்டாதாரர்கள் ஒருவர்மீது ஒருவர் வழக்காடி நிற்பதையும் நாம் காண்கிறோம் அன்றோ? ஆகவே, சேர்ந்திருத்தல் மட்டும் போதாதென்பது விளங்கும்.

அக்குறையை நிறைவு செய்வது 'உறவு' என்னும் பகுதி. இதன் வேர் 'உறு' என்பது. அடைதல், பொருந்துதல், நேர்தல் என்பன அதன் பொருள்கள். இன்புறுதல், துன்புறுதல் என்னும் வழக்குகளில் இவ்வேரே நிற்கின்றது. உறுதி, உறுப்பு என்பனவும் இதினின்று பிறந்தவை. அங்கத்தினரை 'உறுப்பினர்' என்பதும் இக்கருத்துப் பற்றியே. காலில் முள் தைத்தால் உடல் முழுவதும் வருந்துமாப்போல, ஒருவருக்கு நேர்வது யாவருக்கும் நேர்வதே உறவாகும்.

ஆங்கிலத்தில் இதற்குரிய 'கோவாப்பரேஷன்' என்பது இலத்தீன் மொழியினின்று வந்தது. உடன் உழைத்தல் என்பது அதன் பொருள். நம் தமிழ்ப் பதமோ உழைப்பை மட்டுமன்றி உழைப்பவர்க்குள் இருக்கவேண்டிய பிணைப்பையும் உணர்த்துகின்றது. முற்காலத்தில் 'ஐக்கிய நாணய சங்கம்' என்னும் பெயரும் வழங்கிற்று. ஐக்கியம் என்பது ஒன்றெனப் பொருள்படும் 'ஏக' என்னும் வடசொல்லின் வழிவந்தது. நாணயம் என்றால் காசு, நேர்மையும் அதுவே. கையில் காசில்லாதவனுக்கும் அவன் நேர்மையை நம்பிக் கடன் கொடுப்பதற்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

இக்கருத்து சட்டத்திலும் இடம் பெற்றது. ஜெர்மனி தேசத்தில் ரைபைசன் என்பார் நிறுவிய கிராம பாங்குகளை ஆராய்ந்து, பிரடெரிக் நிக்கல்ஸன் 1895, 1897-ஆம் ஆண்டுகளில் சென்னை சர்க்காருக்கு அறிக்கை சமர்ப்பித்தார். பின்னர் 1904-ஆம் ஆண்டில் இந்தியக் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே, அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில் விவசாயிகளுக்கான நாணய சங்கம் ஏற்பட்டது. ஒரே ஊரிலோ அண்டையிலுள்ள ஊர்களிலோ வசிக்கும், 18 வயது நிரம்பிய 10 பேர் சேர்ந்தால் சங்கம் அமைக்கலாம் என்று அச்சட்டம் விதித்தது. ஒருவரையொருவர் அறிந்தவரே ஒருவருக்கொருவர் பொறுப்பேற்க இயலும் என்பதே இதன் கருத்து. கிராம சங்கங்களில் அப்பொறுப்புக்குப் பொதுவாக வரம்பும் இருக்கவில்லை. சங்கத்தின் கடன் தீராவிடில் அங்கத்தினர் தம் சொத்தைக் கொண்டும் ஈடு செய்ய நேரும்.

இந்நாளில் நம் சங்கங்களில் அங்கத்தினரின் பொறுப்புக்கு வரையறை உண்டு. அதுபற்றி, "சர்க்கார் பணந்தானே, கட்டாவிடில் யாருக்கு நஷ்டம்?" என்று சிலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பெருந்தீங்கு விளைப்பது. சங்கம் கொடுக்கும் கடனில் ஒரு பகுதி அங்கத்தினரின் பங்குத் தொகையும் ஊராரின் வைப்புத் தொகையும் ஆகும். மற்றொரு பகுதி மத்திய பாங்கில் சங்கமே வாங்கிய கடன். தவணை தவறினாலும் சங்கம் அங்கே வட்டியுடன் செலுத்தியே தீரவேண்டும். செலுத்த இயலாவிடில் மறு போகத்துக்குக் கடன் கிடைப்பது தடைப்படும். அப்பொழுது விதைக்கும் உரத்துக்கும் வழியின்றித் தவிப்பவர், தவணை தவறாமல் கட்டிய அண்டை நிலத்துக்காரரே ஆவார்.

ஆகையால் தவணையை நாளில் செலுத்துங்கள். பொதுச் சபைக்குத் தவறாது வந்து வரவு செலவுக் கணக்கை வாசிக்கக் கேளுங்கள். விளங்காததை அங்கேயே வினவுங்கள். பிறர்க்கு ஜாமீன் கையெழுத்திடுமுன் அவர் கேட்கும் தொகையும் அதன் காரணமும் தகுமா என ஆராயுங்கள். பங்குப் பணம் கட்டியவுடன் கூட்டு ஏற்பட்டுவிடும். உறவோ இவற்றால்தான் ஏற்படும்.