அழகிப் போட்டியும் ஆரணிப் பட்டும்

உலக அழகிப் போட்டி என்றவுடன், தறிக்குழியில் கால் வைத்து உழைப்போருக்கும் வயலில் இறங்கிப் பாடுபடுவோருக்கும் அதனோடு என்ன உறவு என்று நம் அங்கத்தினர்கள் வினவக் கூடும். உறவு உண்டு. பிரபஞ்ச அழகிப் போட்டி எவ்வாறு தோன்றியது என்பதை அறிந்தால், அது துணி விற்பனைக்காகவே பிறந்தது என்பது விளங்கும்.

அமெரிக்க நாட்டில் 1951-ஆம் ஆண்டுக்குரிய அழகியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யோலண்ட் பெட்பீஸ் என்னும் பாடகி. வெற்றி பெற்ற பின்னர், நீச்சலுடை அணிந்து ஊர் ஊராய்ச் சென்று காட்சியளிக்க அவர் மறுத்துவிட்டார். அப்போட்டிக்குப் பொருளுதவி செய்துவந்த காட்டலினா நீச்சலுடை நிறுவனத்தார் இதனால் சினமுற்று, தம் ஆதரவை விலக்கிக்கொண்டனர். தாங்களே புதியதொரு போட்டியையும் ஏற்படுத்தினர். அதுவே 1952-இல் கலிபோர்னியா மாகாணத்து லாங் பீச் நகரில் முதன்முதலாக நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டி. 30 நாட்டுப் பெண்கள் கலந்துகொண்டனர். முடி சூடியவர் பின்லாந்தைச் சேர்ந்த ஆர்மி கூசெலா. ஆயினும் உலகெங்கும் பெயர் பரவியது காட்டலினா ஆடைக்கும் அன்றோ!

அந்த முதற் போட்டியில் இந்தியாவின் சார்பில் சென்றவர் நம் சென்னையில் 1930-இல் பிறந்த இந்திராணி ரஹ்மான். பந்தநல்லூர் வழியில் பரதம் பயின்றவர். அப்போது மணமாகித் தாயாகவும் இருந்தவர். வெற்றி கிட்டாவிடினும் அவர் வாழ்வு அம்மேடையோடு முடிந்துவிடவில்லை. பிற்காலத்தில் பரதத்தையும் ஒடிசி நடனத்தையும் வெளிநாட்டு அரங்குகளுக்குக் கொண்டு சென்று, 1969-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

பின்னர் 1966-இல், லண்டனில் நடந்த உலக அழகிப் போட்டியில் பம்பாய் மருத்துவ மாணவி ரீட்டா ஃபாரியா முடி சூடினார். ஆசியக் கண்டத்திலிருந்து அப்பட்டத்தைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. அவர் கொண்டு சென்ற சேலையும் நீச்சலுடையும் தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கியவை என்பர். ஓராண்டுப் பட்டக் காலம் முடிந்ததும் திரைப்பட வாய்ப்புகளை நாடாமல், மீண்டும் படிப்பில் அமர்ந்து மருத்துவரானார். நம் வீட்டுப் பெண்மக்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. அச்சேலையை நெய்தவர் யார், எந்த ஊர்த் தறியில் இறங்கியது என்ற செய்தியோ உலகுக்கு எட்டவில்லை. நீச்சலுடை நிறுவனம் தன் பெயரைப் பறைசாற்றியது. சேலைக்கோ பெயரே இல்லை.

இப்போட்டிகளைக் கண்டிப்போர் கூற்றிலும் நியாயம் உண்டு. 1970-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் போட்டி நடக்கையில், பெண்ணுரிமை இயக்கத்தினர் மாவுப் பொட்டலங்களை வீசி எதிர்ப்புத் தெரிவித்தனர். 1996-இல் பெங்களூரில் நடந்தபோது எதிர்ப்பு வலுத்தமையால், நீச்சலுடைச் சுற்று மட்டும் செஷல்ஸ் தீவுகளுக்கு மாற்றப்பட்டது. அச்சுற்றையே கைவிடுவதாக உலக அழகிப் போட்டியினர் 2014-இன் இறுதியில் அறிவித்தனர். பெண்ணைச் சரக்குப் போல் அளந்து பார்த்தல் தகாது என்பது நேர்மையான வாதம். உழைப்பாளியின் பெயரை மறைத்துவிட்டு அவன் கைத்திறனை மட்டும் மேடையேற்றுவதும் அதைப் போலவே தகாத செயலாகும்.

இதற்கு மாறான காட்சி ஒன்றை 2025 மே மாதத்தில் கண்டோம். தெலங்கானா மாநிலத்தில் உலக அழகிப் போட்டி நடைபெற்றபோது, போட்டியாளருள் ஒரு பகுதியினர் போச்சம்பள்ளிக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். வினோபா பாவே 1951-இல் பூதான இயக்கத்தைத் தொடங்கிய ஊர் அதுவே. நூலைப் பகுதி பகுதியாகக் கட்டிச் சாயம் தோய்த்து, உருவம் பிறழாமல் நெய்யும் முறையை அவர்கள் தறியருகே நின்று நேரிற் கண்டனர். அங்கே சேலை அழகியைத் தேடிச் செல்லவில்லை. அழகியரே தறியைத் தேடி வந்தனர். காரணம் யாது? போச்சம்பள்ளி என்ற பெயரும் அத்துணியும் பிரிக்க இயலாதவாறு பிணைந்திருப்பதேயாகும்.

ஆரணிப் பட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. எடை குறைந்து உடுத்துவதற்கு இதமாயிருப்பது அதன் சிறப்பு. எனினும் நம்மூரில் நெய்த சேலை கடைக்குப் போனதும் வேறோர் ஊரின் பெயரைச் சூடிக்கொள்வது உண்டு. குறியீடு ஏட்டில் மட்டும் இருந்தால் என்ன பயன்? சங்கங்களைத் தணிக்கை செய்யும் பணியில் உள்ளவன் என்ற முறையில் சில யோசனைகளைக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, சங்கத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு சேலையோடும் ஒரு சீட்டு இணைக்கப்பட வேண்டும். அதில் சங்கத்தின் பெயர், நெய்தவர் பெயர், எடை, சரிகையின் தரம் ஆகியவை தமிழில் தெளிவாக இருத்தல் நலம். கூலிப் புத்தகத்திலும் இருப்புப் புத்தகத்திலும் உள்ள விவரங்களே இதற்குப் போதும். புதிய செலவு மிகுதியாக இராது. இரண்டாவது, பட்டு முத்திரையும் கைத்தறி முத்திரையும் பெறுவதில் சோம்பல் கூடாது. மூன்றாவது, சீட்டில் எழுதியது ஒன்று, சேலையில் உள்ளது வேறொன்று என்ற பேச்சுக்கு ஒருபோதும் இடமளித்தல் ஆகாது. பொய்ச் சரிகை ஒரு சேலையில் புகுந்தால், பழி ஊர் முழுவதற்கும் வந்து சேரும்.

நெல் விளைவிக்கும் அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். அரிசி மூட்டையின் மேல் ஆலையின் முத்திரை காணப்படுமேயன்றி விளைவித்தவர் பெயர் காணப்படுவதில்லை. அவர்களும் சங்கத்தின் பெயரால் விற்க முன்வந்தால், பெயரின் மதிப்பு அவர்களுக்கே வந்து சேரும்.

மேடையில் ஒருநாள் மின்னுவதால் மட்டும் நெசவாளியின் கூலி உயர்ந்துவிடாது. முடி சூடிய அழகியின் பட்டமும் ஓராண்டில் மற்றொருவருக்குச் சென்றுவிடுகிறது. தரத்தால் ஈட்டிய பெயரோ தலைமுறை கடந்தும் நிற்கும். அப்பெயரை முந்தியின் ஓரத்தில் பொறித்து அனுப்பும் கடமை நம் சங்கங்களுடையது.