பத்திர நகலின் பருமனைக் குறைத்தல்

மந்தாரக்குப்பத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலே நிலப் பத்திரத்தின் அருமையை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1956ஆம் ஆண்டில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியதுதொட்டுச் சுரங்கத்திற்கென நிலம் எடுக்கப்பட்டு வந்த பகுதி இது. பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரத்தை ஸ்கேன் செய்து கணினி வழியே அனுப்ப வேண்டிய சந்தர்ப்பங்கள் இப்பொழுது பல. "கோப்பு பெரிது" என்று அது திரும்பி வந்தால், கடைக்காரர் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கிச் சுருக்கித் தருகிறார். பருமன் குறைகிறது, கூடவே சர்வே எண்ணும் மங்கிவிடுகிறது. இஃது ஏன் நேர்கிறது என்பதை அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம்.

நெசவாளர்க்கு இதனை விளக்குதல் எளிது. அங்குலத்திற்கு இத்தனை இழை என்று துணியின் நெருக்கத்தைக் கணிக்கிறோம் அல்லவா? அவ்வாறே ஸ்கேன் பொறியும் தாளை அங்குலத்திற்கு இத்தனை புள்ளி என்று பிரித்துப் படிக்கிறது. பாவிலும் ஊடையிலும் நெருக்கத்தை இரட்டித்தால் கட்டங்கள் நான்கு மடங்காகும். ஏ4 தாளை 300 புள்ளி வீதம் படித்தால் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள். வண்ணத்தில் புள்ளிக்கு 3 பைட். ஆக 26 மெகாபைட். சாம்பல் நிறத்தில் அதன் மூன்றிலொரு பங்கு. கறுப்பு வெள்ளையில் 8 புள்ளிக்கு ஒரு பைட், ஏறத்தாழ 1.1 மெகாபைட்டே. இவையெல்லாம் சுருக்குவதற்கு முந்திய கணக்கு.

சுருக்கும் முறைகள் ஒரு தன்மையன அல்ல. தொலைநகலுக்காக 1984இல் வகுக்கப்பட்ட 'குரூப் 4' முறை, மேல்வரிசையினின்று மாறும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளும். ஒரு புள்ளியும் இழப்பதில்லை. தாளில் தூசிப் பொட்டுகள் மிகுந்தால் குறிப்புகளும் மிகும். பொறியின் கண்ணாடியைத் துடைத்தாலே கோப்பு சிறுக்கும் என்றால் நகைப்பீர்கள், உண்மை அதுவே. ஜேபெக் முறையோ புகைப்படத்திற்கு ஏற்றது. நுண்மைகளை விலக்கியே அது சுருக்குவதால், மிகைப்பட அழுத்தினால் எழுத்தின் ஓரம் கலங்கும்.

அதனினும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. ஒத்த உருவமுள்ள எழுத்துகளை ஒருமுறை மட்டும் பதிந்து, அதனையே பிற இடங்களிலும் வைக்கும் முறை அது. 2013இல் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனப் பொறிகள் சிலவற்றில் இம்முறையால் எண்களே மாறுவதைக் கண்டறிந்தார். கட்டட வரைபடமொன்றில் 21.11, 17.42 என்றிருந்த அறைப் பரப்புகள் இரண்டும் 14.13 என்று நகலில் வந்தன. பின்னர் அந்நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. மங்கிய எண்ணைக் கண்டு ஐயுறலாம். தெளிவாக அச்சான தவறான எண்ணை யார் ஐயுறுவார்?

ஆதலின் பருமனை ஸ்கேன் செய்யும்பொழுதே குறைத்துக்கொள்ளுதல் சிறந்தது. தெளிவாக அச்சிட்ட பத்திரத்திற்குக் கறுப்பு வெள்ளையும் 300 புள்ளியும் போதும். மங்கிய முத்திரை, கைரேகை, பென்சிற் குறிப்பு உள்ள பழந்தாளுக்குக் கறுப்பு வெள்ளை ஆகாது. சாம்பல் நிறமும் 200 புள்ளியும் கொள்க. வண்ணத்தை நோக்க இது ஆறிலொரு பங்கினும் குறைவே. கைப்பேசியிற் படமெடுத்தால் மேசையும் நிழலும் விழுந்த ஓரங்களை வெட்டிவிடுக. முதற்பிரதியைத் தனியே வைத்து, அதிலிருந்தே ஒவ்வொரு முறையும் சிறுபிரதி எடுக்க வேண்டும். சுருக்கியதையே மீண்டும் சுருக்கலாகாது.

அனுப்புமுன் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பதிவு ஆண்டு ஆகியவற்றை ஒருவர் மூலத்திலிருந்து உரக்க வாசிக்க, மற்றொருவர் திரையிற் பார்த்துவருக. அதற்குக் கால்மணி நேரம் ஆகலாம்.