மகாதீரின் இருபத்திரண்டு ஆண்டுகளும் அறிவிப்பாளர் இயலின் அளவுகோலும்

2003ஆம் ஆண்டு அக்டோபர் 31, ரமளான் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. மலேசியாவின் நான்காவது பிரதமர் டாக்டர் மகாதீர் முஹம்மது, 1981 ஜூலை முதல் தாம் வகித்து வந்த பொறுப்பை அப்துல்லாஹ் அஹ்மத் படாவியிடம் அன்று ஒப்படைத்தார். எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஜும்ஆ குத்பாவுக்கு முன் தமிழில் உரையாற்றும் முறை அவ்வாரம் இக்கட்டுரையாளனுடையது. 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தையும், 1983இல் தொடங்கிய இஸ்லாமிய வங்கியையும், அதே ஆண்டில் எழுந்த பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தையும் வரிசைப்படுத்தி, ‘உம்மத்துக்கு வாய்த்த தலைவர்’ என்று முடித்தேன். தொழுகை கலைந்த பின் முதியவர் ஒருவர் அருகே வந்தார். பினாங்கில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நெடுங்காலம் எழுத்தராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். “ஹஸ்ரத், கோபுரத்தைச் சொன்னீங்க, சரி. அங்கே நீதிபதிகளை வீட்டுக்கு அனுப்புன கதையும் தெரிஞ்சுதான் பேசுனீங்களா?” என்று கேட்டார். தெரியாது என்பதே உண்மை. அந்த உண்மையை நான் அன்று அவரிடம் சொல்லவில்லை.

பதவி இறங்குவோரை எடைபோடுவதில் நம்மவரிடையே இருவகைப் பழக்கம் உண்டு. நம் சமுதாயத்தவர் எனில் புகழ்மாலை. நம்மை எதிர்த்தவர் எனில் வசைமாலை. குறையைச் சொல்வது புறம்பேசுதல் ஆகாதா என்ற தயக்கமும் சிலருக்கு எழுகிறது. ஹதீஸ் கலை இமாம்கள் இக்கேள்வியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டு விடை கண்டுவிட்டனர். மக்கள் ஒருவரை நம்பி ஒன்றை ஏற்கும் நிலையிருக்குமாயின், அவருடைய குறையை வெளிப்படுத்துவது புறமன்று, கடமை என்பது அவர்களின் நிலைப்பாடு. அதிலிருந்து வளர்ந்ததே ஜர்ஹ் வத் தஃதீல் எனும் அறிவிப்பாளர் ஆய்வியல். ஆட்சியாளரை அளக்க அமைந்த கலையன்று அது. எனினும் அதன் சில விதிகள் இங்கே வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகின்றன.

முதலாவது, ஒரு மனிதரைப் பற்றி ஒரே சொல்லில் தீர்ப்பளிக்கும் அவசரம் அக்கலையில் இல்லை. ஹிம்ஸ் நகரத்து இஸ்மாயீல் பின் அய்யாஷ் என்ற அறிவிப்பாளரை எடுத்துக்கொள்வோம். தம் நாடான ஷாம் தேசத்து ஆசிரியர்களிடமிருந்து அவர் அறிவிப்பவை ஏற்கத்தக்கவை. ஹிஜாஸ் ஆசிரியர்களிடமிருந்து அறிவிப்பவை பலவீனமானவை. ஆள் ஒருவரே, எந்தக் களத்தில் பேசுகிறார் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது.

மகாதீரின் ஷாம் தேசம் பொருளாதாரம் எனலாம். 1997 ஜூலையில் தாய்லாந்தில் தொடங்கிய நாணய நெருக்கடி மலேசியாவையும் தாக்கியது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ இரண்டரை ரிங்கிட் என்றிருந்த மதிப்பு, 1998 ஜனவரியில் நான்கரையையும் தாண்டிச் சரிந்தது. நம் கடலோர ஊர்களில் மலேசியப் பணத்தை எதிர்பார்த்திருந்த குடும்பங்கள் அச்சரிவைத் தத்தம் அடுப்படியிலேயே உணர்ந்தன. அந்த ஆண்டு மலேசியப் பொருளாதாரம் ஏழு விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. இந்தோனேசியாவும் தாய்லாந்தும் தென்கொரியாவும் பன்னாட்டு நாணய நிதியத்தின் கடனையும் அதன் நிபந்தனைகளையும் ஏற்றன. மகாதீர் ஏற்கவில்லை. 1998 செப்டம்பர் 1ஆம் நாள் மூலதனக் கட்டுப்பாடுகளை அறிவித்து, மறுநாள் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என மதிப்பை நிலைநிறுத்தினார். உலக நிதிவட்டாரங்கள் எள்ளி நகையாடின. ஆனால் 1999இல் ஆறு விழுக்காட்டு வளர்ச்சி திரும்பியது. கட்டுப்பாடுகளால்தான் மீண்டதா, அண்டை நாடுகளும் மீண்ட அதே அலையில் மீண்டதா என்று பொருளியலார் இன்றும் வாதிடுகின்றனர். அவை நாட்டை அழித்துவிடும் என்ற ஆரூடம் பொய்த்ததில் மட்டும் வாதமில்லை.

இக்களத்திலும் அவருடைய அறிவிப்புகள் எல்லாம் ஸஹீஹ் அல்ல. அவரது ஆட்சியின் தொடக்கத்திலேயே பூமிபுத்ரா வங்கியின் ஹாங்காங் கிளை நிறுவனம் பெருங்கடன் மோசடியில் சிக்கியது. அதனை ஆராயச் சென்ற தணிக்கையாளர் 1983இல் அங்கே கொல்லப்பட்டார். 1985இல் முதல் வண்டியை வெளியிட்ட புரோட்டோன் நிறுவனம் நாட்டின் பெருமையாகப் பேசப்பட்டது. 2017இல் அதன் 49.9 விழுக்காட்டுப் பங்கு சீன நிறுவனத்துக்குக் கைமாறிற்று.

ஹிஜாஸ் பக்கம் திரும்புவோம். முதியவர் கேட்ட கேள்வி அங்கேதான் இருக்கிறது.

1987 ஏப்ரலில் அம்னோ கட்சித் தலைமைக்கான தேர்தலில் மகாதீர், தெங்கு ரஸாலியை 761க்கு 718 என்ற கணக்கில் வென்றார். வேறுபாடு நாற்பத்து மூன்றே வாக்குகள். தோற்ற அணியினர் வழக்குத் தொடுத்தனர். அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று தொடங்கிய ‘ஓப்பராசி லாலாங்’ நடவடிக்கையில் எதிர்க்கட்சித் தலைவர்கள், சமூக ஊழியர்கள், சமயப் பணியாளர்கள் என நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். மூன்று நாளேடுகளின் உரிமம் பறிக்கப்பட்டது. உள்துறை அமைச்சரும் மகாதீரே. அது காவல்துறையின் முடிவு என்று அவர் பிற்காலத்தில் கூறியதுண்டு. காவல்துறை எந்த அமைச்சருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதை அக்கூற்று விளக்கவில்லை.

1988 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம், பதிவுபெறாத கிளைகள் கலந்துகொண்டன என்ற காரணத்தால் அம்னோ கட்சியையே சட்டவிரோதமானதென அறிவித்தது. அடுத்த மாதம் அரசியலமைப்பின் 121ஆவது பிரிவு திருத்தப்பட்டது. நீதி அதிகாரம் நீதிமன்றங்களைச் சாரும் என்ற தொடர் நீங்கி, நாடாளுமன்றச் சட்டம் அளிக்கும் அதிகாரமே அவற்றுக்கு உண்டு என்றாயிற்று. லார்ட் பிரசிடெண்ட் என அந்நாளில் வழங்கப்பட்ட தலைமை நீதிபதி துன் சாலே அப்பாஸ், பிரதமர் நீதித்துறையைப் பற்றிப் பொதுமேடைகளில் பேசிவந்தமை குறித்து நீதிபதிகளின் சார்பில் மாமன்னருக்குக் கடிதம் எழுதினார். அம்னோ வழக்கின் மேல்முறையீட்டை ஒன்பது நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு விசாரிக்கவும் அவர் நாள் குறித்தார். அந்நாள் வருமுன் அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவரை விசாரித்த தீர்ப்பாயத்துக்குத் தலைமையேற்றவர், அவருக்குப் பதிலாகத் தலைமை நீதிபதிப் பொறுப்பில் செயல்பட்டு, பின்னர் அப்பதவியிலேயே அமர்ந்தவர். தீர்ப்பாயத்துக்குத் தடையாணை வழங்கிய ஐந்து நீதிபதிகளும் இடைநீக்கம் பெற்றனர். அவர்களுள் இருவர் நிரந்தரமாக நீக்கப்பட்டனர். சாலே அப்பாஸ் 1988 ஆகஸ்டில் பதவி இழந்தார்.

ஃபிக்ஹு நூல்களில் ‘அதபுல் காளீ’ பாடம் நடத்துவோருக்கு இங்கே விளக்கம் தேவையில்லை. தீர்ப்பால் தனக்கு ஆதாயம் கிட்டும் வழக்கில் ஒருவர் நீதிபதியாய் அமரலாகாது என்பது முதலாம் ஆண்டு மாணவனும் அறிந்தது. என் கருத்தில் மகாதீருடைய ஆட்சியின் பெருங்காயம் இதுவே. பத்தாண்டுகள் கழித்து, 1998 செப்டம்பரில், துணைப் பிரதமர் அன்வர் இப்ராஹிம் நீக்கப்பட்டுச் சிறைப்பட்டபோதும், கண் கறுத்து வீங்கிய நிலையில் நீதிமன்றம் வந்தபோதும், அங்கே நேர்மையான தீர்ப்புக் கிடைக்கும் என்று பலரும் நம்பாததற்கு வேர் 1988இல் இருந்தது. அக்காயத்தை அன்வர் தாமே உண்டாக்கிக்கொண்டிருக்கலாம் என்று பிரதமர் அன்று கூறினார். அடித்தவர் காவல்துறைத் தலைவரே என்பது பின்னர் விசாரணையில் வெளிவந்தது.

இங்கே இன்னொரு விதி நினைவுக்கு வருகிறது. சமகாலத்தவர் ஒருவரையொருவர் பழிக்கும் சொல்லை, சான்றின்றி ஏற்பதில்லை. ‘கலாமுல் அக்ரான்’ என்பர். முஹம்மத் பின் இஸ்ஹாக்கைப் பற்றி இமாம் மாலிக் (ரஹ்) சொன்ன கடுஞ்சொல்லைப் பின்வந்த அறிஞர்கள் இவ்விதிகொண்டே ஒதுக்கினர். ஆகவே மகாதீரைப் பற்றி அன்வர் சொன்னவற்றையும், அன்வரைப் பற்றி மகாதீர் சொன்னவற்றையும் நாம் விலக்கிவிடலாம். ஆனால் காரணம் விளக்கப்பட்ட குறை, அதாவது ஜர்ஹ் முஃபஸ்ஸர், நிற்கும். திருத்தப்பட்ட 121ஆவது பிரிவு எவருடைய பகைமையும் புனைந்துரைத்ததன்று, அரசிதழில் உள்ளது.

பதவி விலகுவதற்கு இரு வாரங்களுக்கு முன் புத்ராஜாயாவில் நடந்த இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் உச்சிமாநாட்டில் அவர் ஆற்றிய உரையையும் தவிர்க்க இயலாது. முஸ்லிம்கள் அறிவியலைக் கைவிட்டதையும், மார்க்கக் கல்வியைக் குறுக்கிக்கொண்டதையும் அதில் இடித்துரைத்தார். அரபிக் கல்லூரி ஆசிரியனாகிய எனக்கு அது சுட்டது. சுட்டதில் நியாயமும் இருந்தது. அதே உரையில் யூத மக்கள் அனைவரையும் ஒரே கையால் வாரி, உலகைப் பிறர் வழியாக ஆள்பவர்கள் என்றார். அரங்கில் எழுந்து நின்று கைதட்டினர்; நம் ஏடுகளிலும் தட்டினர். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதியினின்று நம்மைப் பிறழச் செய்யலாகாது என்பது அல்மாயிதா அத்தியாயம் நமக்கு இட்ட கட்டளை. இஸ்ரேல் அரசின் கொடுமையைக் கண்டிக்க அந்தப் பொதுச்சொல் தேவையே இல்லை.

இனி காலத்தைப் பற்றிய விதி. கூஃபாவின் அதா பின் ஸாயிப் இறுதிக்காலத்தில் நினைவு குழம்பியவர். ஸுஃப்யானும் ஷுஃபாவும் அவரிடம் முன்னர்க் கேட்டவை ஏற்கப்பட்டன. குழம்பிய பின் ஜரீர் கேட்டவை ஒதுக்கப்பட்டன. மகாதீரிடம் நினைவுக் குழப்பம் இருந்ததென்று நான் சொல்லவில்லை. எந்தக் காலத்து மகாதீர் என்று கேட்கவேண்டியிருக்கிறது என்றே சொல்கிறேன். 2003இல் எழுதப்பட்ட மதிப்பீடுகள் எல்லாம் அவர் அரசியலை முடித்துக்கொண்டார் என்றெண்ணி எழுதப்பட்டவை. அவரோ தாம் அமர்த்திய அப்துல்லாஹ்வைச் சில ஆண்டுகளிலேயே கடிந்து, 2008இல் கட்சியை விட்டு வெளியேறி, திரும்பி, 2016இல் மீண்டும் வெளியேறினார். 2018 மே 10 அன்று, தாம் சிறைக்கு அனுப்பிய அன்வருடன் கைகோத்து, 92ஆம் வயதில் மீண்டும் பிரதமரானார். அம்னோவின் அறுபதாண்டு ஆட்சியை முடித்த பெருமை அம்னோவைக் கட்டிக் காத்தவருக்கே வாய்த்தது. ஆறே நாட்களில் அன்வருக்கு மாமன்னரின் மன்னிப்புக் கிட்டியது. ஆயினும் வாக்களித்தபடி பதவி அவருக்குக் கைமாறவில்லை. 2020 பிப்ரவரியில் மகாதீர் விலகியதும் கூட்டணி சிதறியது. 2022 நவம்பரில் லங்காவியில் வைப்புத்தொகையையும் இழந்து தோற்றார். அந்த மாதம் 24ஆம் நாள் பிரதமராகப் பதவியேற்றவர் அன்வர்.

நீதிபதிகளின் கதை என்னவாயிற்று என்று வாசகர் கேட்கக்கூடும். கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) பொறுப்பேற்றதும் தம் குடும்பத்தார் அநியாயமாய்ப் பெற்றிருந்தவற்றை உரியவர்களிடம் திருப்பினார். ‘ரத்துல் மழாலிம்’ என்று வரலாற்றாசிரியர்கள் அதனைக் குறிப்பர். 2008 ஏப்ரலில் அப்துல்லாஹ் படாவியின் அரசு, 1988இல் பாதிக்கப்பட்ட ஆறு நீதிபதிகளுக்குக் கருணைத் தொகை வழங்குவதாக அறிவித்தது. ஆனால் அவர்கள் தவறாக நீக்கப்பட்டனர் என்றோ, அரசு மன்னிப்புக் கோருகிறது என்றோ அவ்வறிவிப்பில் இல்லை. சாலே அப்பாஸ் 2021 ஜனவரியில் காலமானார். பினாங்கு முதியவர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்டார். அவருக்கு அன்று நான் சொல்லாத விடை, அவர் பிள்ளைகள் வாசிக்கக்கூடும் என்பதால், மேலே எழுதப்பட்டுள்ளது.