செயல்திட்டக் கற்றலில் சகமாணவர் பின்னூட்டம்

செயல்திட்டம் ஒன்றை மாணவர்கள் செய்துகொண்டிருக்கும்போதே, அதன் வரைவைப் பிற மாணவர்கள் பார்த்து, முன்பே ஒப்புக்கொண்ட கேள்விகளின்படி கருத்துச் சொல்வது கட்டமைக்கப்பட்ட சகமாணவர் பின்னூட்டம் எனப்படும். இதில் மதிப்பெண் இடுவதில்லை.

கட்டமைப்பு இல்லாமலும் மாணவர்கள் ஒருவருக்கொருவர் கருத்துச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வகுப்பறை உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்த நியூசிலாந்து ஆய்வாளர் கிரகாம் நட்டால், மாணவர் பெறும் பின்னூட்டத்தில் சுமார் 80 விழுக்காடு சகமாணவர்களிடமிருந்தே வருகிறது என்றும், அதில் பெரும்பகுதி தவறானது என்றும் கண்டார்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில்

செயல்திட்ட முறையை 1918இல் அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் கட்டுரையாக விளக்கினார். தமிழ்நாட்டில் 2012–13இல் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. 100 மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்டதால், செயல்திட்டம் அன்றாட வகுப்பறைக்குள் நுழைந்தது. ஆனால் ஒப்படைத்த பிறகே மதிப்பிடப்படும் செயல்திட்டம், கடையில் வாங்கிய படங்களை ஒட்டிய அட்டையாக முடிந்துவிடுவது எளிது. குறை தெரியவரும்போது திருத்த நேரம் இருப்பதில்லை.

நடைமுறை

மதுரையைச் சுற்றிய சமவெளியில், வைகை, பெரியாறு பாசனத்தை நம்பிய ஊர் ஒன்றில் எட்டாம் வகுப்புக் குழு தன் ஊர்க் கண்மாயைப் பற்றி ஆராய்வதாகக் கொள்வோம். வரைபடமும் இரண்டு பக்கக் குறிப்பும் தயார். இன்னொரு குழு அவற்றைப் படித்து மூன்றை எழுதித் தர வேண்டும்: தெளிவாகப் புரிந்த ஒன்று, புரியாத ஒரு கேள்வி, மாற்ற வேண்டிய ஓர் இடம்.

"நல்லா இருக்கு" என்பது யாருக்கும் உதவாது. "குறிப்பில் மடை இரண்டு என்று இருக்கிறது, படத்தில் ஒன்றுதான் இருக்கிறது. கலுங்கு வழியாக வெளியேறும் தண்ணீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகிறது?" என்று கேட்டால், அந்தக் குழு மறுபடி கரைக்குப் போய்ப் பார்த்தாக வேண்டும். பிறகு எதைத் திருத்தினோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத வேண்டும். பெரும்பாலும் விடுபடுவது இந்தக் கடைசிப் படிதான். அது இல்லையென்றால் முன்னவை வெறும் சடங்கு.

அமெரிக்காவின் பாய்சி நகரில் ஆஸ்டின் என்ற முதல் வகுப்பு மாணவன் வரைந்த வண்ணத்துப்பூச்சிப் படம் இதற்குப் பெயர்பெற்ற சான்று. இறக்கையின் வடிவம், கோடுகள் என்று வகுப்புத் தோழர்கள் குறிப்பாகச் சொல்லச் சொல்ல, ஆறாவது வரைவு அறிவியல் படம் போலவே அமைந்தது. இதைப் பரப்பிய ரான் பெர்கர், கருத்து கனிவாகவும் குறிப்பாகவும் உதவும்படியும் இருக்க வேண்டும் என்கிறார்.

மதுரைச் சங்கத்தைப் பற்றிய கதையிலும் இதன் சாயல் உண்டு. இறையனார் களவியலுக்குப் புலவர்கள் எழுதிய உரைகளைக் கேட்ட உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவன், உரை பொருந்திய இடங்களில் கண்ணீர் விட்டுக் காட்டினானாம். ஆனால் அவன் சொன்னது தீர்ப்பு. திருத்தி எழுத அங்கே வாய்ப்பில்லை.

சிக்கல்கள்

நண்பனுக்குப் புகழ்ச்சியும் ஆகாதவனுக்குக் குறையும் சொல்வது இயல்பு. மதிப்பெண்ணைச் சேர்த்தால் இது கூடும். கருத்துத் தாளில் பெயருக்குப் பதிலாகக் குழு எண் எழுதச் செய்யலாம். முதல் முறை, யாருடையதும் அல்லாத ஒரு மாதிரி வரைவைக் கரும்பலகையில் வைத்து ஆசிரியரே கருத்துச் சொல்லிக் காட்டுவது நல்லது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழுக்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு வரைவைப் பார்த்தால், ஒரு பாடவேளை போதும்.