குப்பையில் விளைந்த வீடு – 9: பாட்டில் பதித்த சமையல் மேடை

நம் ஊர்ப் பழைய வீடுகளில் மொசைக் தரை பார்த்திருப்பீர்கள். சிமென்ட்டில் சலவைக்கல் சில்லுகளைக் கலந்து கொட்டி, இறுகியதும் மெஷின் வைத்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். சில்லுகளுக்குப் பதில் உடைந்த பாட்டிலைப் போட்டுப் பலகையாக வார்த்தால் சமையல் மேடை. நியூயார்க்கின் புரூக்ளினில், 1966-ல் கடற்படை மூடிவிட்டுப் போன கப்பல் தளத்துக்குள் 2003-ல் தொடங்கிய ஐஸ்ஸ்டோன் நிறுவனம் செய்தது இதைத்தான். கலிஃபோர்னியாவில் பிறந்த வெட்ராசோவும் இதே ரகம்.

கேட்க எளிது. ஆனால் கண்ணாடிக்கும் சிமென்ட்டுக்கும் ஆகவே ஆகாது. சிமென்ட்டின் காரம் கண்ணாடியிலுள்ள சிலிக்காவை மெல்லக் கரைத்துக் கூழாக்கும். அந்தக் கூழ் ஈரத்தை உறிஞ்சி உப்ப, பலகை உள்ளிருந்தே விரிசல் விடும். சிலவகைக் கற்கள் கான்கிரீட்டில் இப்படிப் படுத்துவதை 1940-லேயே கலிஃபோர்னியப் பொறியாளர் தாமஸ் ஸ்டான்டன் விளக்கியிருந்தார். கண்ணாடியை வழிக்குக் கொண்டுவர 1990-களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் மேயரின் குழு முயன்றது. வெள்ளைக் களிமண்ணைச் சுட்டுப் பொடித்த மெட்டாகயோலினைச் சேர்த்தால், காரத்தை அது பிடித்துக்கொள்கிறது. கண்ணாடியையே மாவாக அரைத்துவிட்டாலும் தொல்லை இல்லை. வேடிக்கை என்னவென்றால், பச்சை பாட்டில் மட்டும் அவ்வளவாக வம்பு செய்யவில்லை. அதற்கு நிறம் தரும் குரோமியத்தின் வேலை அது என்றார்கள்.

இதைப் பசுமை என்று சொல்லலாமா என்றால், யோசித்துத்தான் சொல்ல வேண்டும். பாட்டிலை உருக்கி மறுபடி பாட்டிலாக்குவதே மேல். எத்தனை முறை உருக்கினாலும் கண்ணாடியின் தரம் குறையாது. நிறங்கள் கலந்து நொறுங்கி, பாட்டில் ஆலைக்காரர்கள் வேண்டாமென்று ஒதுக்கும் குப்பைதான் மேடைக்குப் போக வேண்டியது. ஒட்டவைக்கும் சிமென்ட்டோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, கரியமில வாயுவைக் கக்கிவிட்டு வந்த சரக்கு. சுற்றுச்சூழல் பேரைச் சொல்லி இந்தப் பலகையைக் கடல் தாண்டி வரவழைப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். வீட்டிலிருக்கும் கிரானைட் நன்றாக இருந்தால், அதைவிடப் பசுமையான மேடை எந்தக் கடையிலும் கிடையாது.

ஒரு விஷயத்தில் தயங்காமல் பாராட்டுவேன். செயற்கை குவார்ட்ஸ் பலகைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் படிகச் சிலிக்கா இருக்கும். அறுப்பவர்களின் நுரையீரலை அந்தத் தூசி அரித்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகைகளையே தடை செய்துவிட்டது. கண்ணாடியிலும் சிலிக்காதான், ஆனால் படிகமாக இல்லை. அதனால் சிலிகோசிஸ் என்னும் அந்த நுரையீரல் நோயின் பயம் வெகுவாகக் குறைகிறது. தண்ணீர் விட்டு அறுப்பதும் முகமூடியும் இதற்கும் வேண்டும்தான்.

சமையலறைக்கு வருவோம். அறுத்த எலுமிச்சை மூடியை ராத்திரி முழுக்க மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டால், காலையில் அங்கே மங்கலாக ஒரு வட்டம். விரலால் தடவினால் கண்ணாடித் துண்டு வழவழவென்று அப்படியே இருக்க, சுற்றியுள்ள சிமென்ட் சொரசொரக்கும். புளிக்கரைசலும் இதையே செய்யும். மஞ்சள் கறையாக இறங்கும். அதனால் சீலர் பூசி, அது தேயத் தேய மறுபடி பூசவேண்டும். சிமென்ட்டுக்குப் பதில் ரெசினில் வார்த்த ரகமும் உண்டு; அதைப் புளிப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய கடாயை நேரே வைத்தால் கருகிவிடும். கடைக்காரரிடம் கண்ணாடி எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன், எதில் வார்த்தது என்று கேளுங்கள்.